கினிகளுக்கு முயல் தீன்

றஷீனா கட்டாரிலிருந்து வந்து இறங்கிய அன்று பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்தாள். அதில் ஜெஸீமாவுக்கு எரிச்சல் இல்லை. சாமான் எல்லாம் கொஞ்ச நாளில் பழசாகிவிடும். சாக்லேட் தின்று தீரும், சட்டை சின்னதாகும், பொம்மையின் பட்டரி இறங்கிப் போகும். பிள்ளை மறுபடி "பெரியும்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு குசினி அடுப்படிக்குத்தான் வரும். அவளுக்கு வயிறு எரிந்தது அடுத்த கிழமை கண்டியிலிருந்து வந்த கூட்டைப் பார்த்துத்தான். அந்தக் கூட்டுக்குள் உயிருள்ள இரண்டு இருந்தன. உயிருள்ளது அவ்வளவு லேசில் பழசாகாது.

ஷிப்னா றஷீனாவின் மகள். நடக்கப் பழகி, பேசப் பழகிக்கொண்டிருந்த வயதில் அவளைத் தன் ராத்தா, மூத்த சகோதரி ஜெஸீமாவின் மடியில் போட்டுவிட்டுத்தான் றஷீனா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாள். புருஷன்காரன் அதற்கு முன்பே வேறு ஊர், வேறு குடும்பம் என்று போய்ச் சேர்ந்திருந்தான். ஜெஸீமாவுக்கும் அவள் கணவர் புஹாரிக்கும் பிள்ளை இல்லை. ஆகவே பதுளைச் சந்தைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் ஷிப்னாதான் பிள்ளை. பால்பல் விழுந்தது, அம்மை போட்டது, முதல் முதலாகக் குர்ஆன் ஓதி முடித்து ஊருக்கெல்லாம் சீனிப் பண்டம் கொடுத்தது, எல்லாம் ஜெஸீமாவின் கண்முன்னால்தான் நடந்தது. உம்மா என்பது ஷிப்னாவுக்கு போனுக்குள் இருந்த ஒரு முகம். ஜெஸீமா இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த முகம் போனுக்குள்ளேயே இருப்பது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

இப்போது அந்த முகம் கை காலோடு வந்துவிட்டது. இனித் திரும்பிப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டது. பண்டாரவளையில் ஒரு மேல்மாடி வீடு பார்த்து, பக்கத்திலேயே ஒரு தையல் கடை போடப் போகிறாளாம். பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளையை அங்கே கூட்டிப்போவது. பிடித்துப்போனால் அங்கேயே பள்ளிக்கூடம் மாற்றுவது, பிடிக்காவிட்டால் ஷிப்னா பதுளையில் பெரியும்மாவோடு இருப்பது. இதுதான் பேச்சு.

"புள்ளதான் முடிவு செல்லணும் ராத்தா. நான் வற்புறுத்த மாட்டேன்" என்று றஷீனா பெருந்தன்மையாகச் சொன்னாள். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுத்தான் கண்டிக்குப் போய் அந்தக் கூட்டை வாங்கி வந்தாள். ஜெஸீமா என்ன நினைப்பாள்? லஞ்சம் என்றுதான் நினைத்தாள்.

கூட்டுக்குள் இருந்ததில் ஒன்று காப்பி நிறம், மற்றது வெள்ளையில் கறுப்புத் திட்டு. எலியென்று சொன்னால் வால் இல்லை, முயலென்று சொன்னால் காது போதாது. புஹாரி குனிந்து பார்த்தார்.

"இது என்ன சாதி?"

"கினி பிக், பெரியப்பா" என்றாள் ஷிப்னா பெருமையாக.

"பிக் என்றா?"

ஷிப்னா வாயைப் பொத்திக்கொண்டாள். புஹாரிக்கு விளங்கிவிட்டது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று ஒரு அடி பின்னால் போனார்.

"மச்சான், பேர்தான் அப்படி" என்றாள் றஷீனா அவசரமாக. "இது எலி, முயல் மாதிரி ஒரு சாதி. புல்லுத்தான் தின்னும். நான் மௌலவிகிட்டயும் கேட்டுட்டுத்தான் வாங்கின. வளக்கிறதில ஒரு குத்தமும் இல்லையாம்."

குற்றம் இல்லாவிட்டாலும் அந்தச் சொல் வீட்டுக்குள் வேண்டாம் என்று புஹாரி முடிவாகச் சொன்னார். அன்றிலிருந்து வீட்டுக்குள் அவை வெறும் கினிகள். வெளியில் யாரும் கேட்டால் முயல். ஷிப்னா காப்பி நிறத்துக்கு பனிஸ் என்றும் மற்றதற்கு பிஸ்கட் என்றும் பெயர் வைத்தாள்.

தீன் வாங்கப் போனதும் புஹாரிதான். சந்தையில் அவருக்கு மரக்கறிக் கடை. வெலிமடையிலிருந்து வரும் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் அங்கே இறங்கும். கோழிக்கும் முயலுக்கும் தீனி விற்கும் தீன் கடை நேரெதிரே. அங்கே எந்நேரமும் தெரிந்த முகம் நாலு நிற்கும். தாடி வைத்த மனுசன் அந்த நாலு பேருக்கு முன்னால் நின்று கினிப் பன்றிக்குத் தீன் கேட்டால், லுஹர் தொழுகைக்குள் கதை பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "முயல் தீன் தாங்க" என்றார். கடைக்காரர் முயல் தீன் கொடுத்தார். அவர்மேல் என்ன பிழை?

கண்டியில் விற்றவர் றஷீனாவிடம், நல்ல தீன் போடுங்க, காய்ந்த புல் எந்நேரமும் கூட்டில் கிடக்கட்டும், உங்க பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பச்சைப் புல் வேண்டாம், மருந்தடித்திருப்பார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆகவே முயல் தீன், காய்ந்த புல், புஹாரியின் கடைக் கரட். கினிகளின் சாப்பாடு அப்படித் தீர்மானமானது.

இரண்டாம் நாளே ஜெஸீமா ஒரு காரியம் செய்தாள். லீக்ஸ் நறுக்கும்போது மிஞ்சிய பச்சைத் தாளையும் உருளைக்கிழங்குத் தோலையும் கூட்டுக்குள் போட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. வீட்டில் ஒரு சீவன் இருந்தால் குசினிக்காரி கையால் ஏதாவது போடுவாள், அவ்வளவுதான். பிஸ்கட்டுக்கு வயிறு ஊதிப்போனது. ஷிப்னா அழுதாள். றஷீனா பிள்ளைக்கு முன்னால் வைத்தே சொன்னாள்.

"ராத்தா, உங்கட கைப்பக்குவம் எல்லாம் மனுசருக்கு. இதுகளுக்கு இனி நீங்க ஒன்னும் போட வேணாம். நானும் ஷிப்னாவும் பாத்துக்கொள்றம்."

சொன்னதுகூடப் பரவாயில்லை. ஷிப்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஓம்" என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் ஜெஸீமாவின் நெஞ்சில் போய் ஏறியது. இத்தனை வருஷமாக அந்தத் தலையைச் சீவிப் பின்னிவிட்டவள் அவள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளுக்கு எரிகிற அடுப்பில் விறகு வைத்த மாதிரிதான். முன்பெல்லாம் ஷிப்னா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சப்பாத்தைக் கழற்றாமலே குசினி வாசலுக்கு வந்து அன்றைய கதை முழுவதையும் கொட்டுவாள். இப்போது நேரே பின் விறாந்தைக்குப் போகிறாள். உம்மாவும் மகளும் கூட்டுக்கு முன்னால் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து கரட் நறுக்குகிறார்கள். சிரிக்கிறார்கள். குசினிக்குள் வெங்காயம் அரிகிறவளுக்கு அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் கேட்கும். வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"நான் இவ்வளவு காலம் சமைச்சுப் போட்டது வெறும் சோறு" என்று அவள் புஹாரியிடம் பொரிந்தாள். "அவ ஒரு கரட்ட வெட்டினா அது பாசமாம்."

"நீ ஏன் இப்படிப் போட்டி போடுற? அவ பெத்தவ."

"நான் யாரு, வேலைக்காரியா?"

புஹாரி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். சண்டை வரும்போலத் தெரிந்தால் அவருக்குக் கடையில் எப்போதும் வேலை இருக்கும்.

ஒரு நாள் காலை ஷிப்னா பள்ளிக்கூடத்தில். றஷீனா வீட்டு விஷயமாகப் பண்டாரவளைக்குப் போயிருந்தாள். ஜெஸீமா விறாந்தைப் படியில் உட்கார்ந்து, மாசிக் கருவாடு அடைத்துப் பொரிப்பதற்காகக் காரமில்லாத பெரிய கறிமிளகாய் வெட்டிக்கொண்டிருந்தாள். கூட்டுக்குள் பனிஸ் மூக்கைத் தூக்கியது. மூக்கு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. ஜெஸீமா சுற்றுமுற்றும் பார்த்தாள். காம்பைக் கிள்ளிவிட்டு ஒரு துண்டைக் கம்பிக்குள் நீட்டினாள். பனிஸ் அதை அவள் விரலிலிருந்தே பறித்து, சத்தம் வரத் தின்றது. பிஸ்கட் ஓடிவந்து மற்ற முனையைப் பிடித்து இழுத்தது.

"மெல்ல, மெல்ல. ஒன்னும் ஓடிப் போகாது" என்றாள் ஜெஸீமா.

மறுநாள் துண்டு போதாதென்று முழுக் கறிமிளகாயே வெட்டினாள். பிறகு வல்லாரைத் தண்டு, கொத்தமல்லி, பின்வளவுக் கொய்யாவில் ஒரு கீற்று. ஒவ்வொன்றையும் கொஞ்சமாகக் கொடுத்து, வயிறு ஊதுகிறதா என்று பார்த்துத்தான் அடுத்ததைக் கொடுத்தாள். லீக்ஸ் பக்கம் போகவே இல்லை. குப்பைக்குப் போகிறதைத்தானே போடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கறிமிளகாயைப் புஹாரியிடம் கேட்டுக் கேட்டு வாங்கினாள்.

கொஞ்ச நாளில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டாலே இரண்டும் கம்பியில் முன்னங்காலை வைத்து நின்று விசிலடிக்கத் தொடங்கின. ஒரு பின்னேரம் றஷீனா கூட்டுக்கு முன்னால் நிற்க, ஜெஸீமா அவளுக்குப் பின்னால் தண்ணீர் வாளியோடு வந்தாள். கினிகள் வீட்டைத் தூக்குகிற மாதிரிக் கத்தின.

"பாருங்க ராத்தா, என்னயக் கண்டா எப்படிக் கத்துதுகள்!" என்றாள் றஷீனா.

"ஓம், ஓம். உன்னயத்தான்" என்றாள் ஜெஸீமா. அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பிள்ளையை நீ எடுத்துக்கொள்கிறாயா, எடு, உன் லஞ்சத்தை நான் எடுத்துவிட்டேன் என்கிற சிரிப்பு.

விடுமுறை வந்தது. வாசலில் நின்ற வான் வண்டியில் சாமான் ஏறியது, கூடு ஏறியது, முயல் தீன் பை ஏறியது, ஷிப்னாவும் ஏறினாள். கையை ஆட்டினாள், ஆனால் அதிக நேரம் ஆட்டவில்லை. மடியில் இருந்த கூட்டைப் பிடித்துக்கொள்ள அந்தக் கை தேவைப்பட்டது.

வீடு வெறிச்சென்று ஆனது. போன் வரும்போதெல்லாம் ஜெஸீமா ஓடிப்போய் எடுத்தாள். ஷிப்னா ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைச் சொன்னாள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறதாம். காலையில் பனி வந்து கதவைத் தட்டுகிறதாம். உம்மா தைத்த சட்டையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டதாம். "சந்தோசமா இரு மகள்" என்று ஜெஸீமா வாயால் சொன்னாள். அந்தப் பனி நாளெல்லாம் விலகாமல் இருந்து, பிள்ளைக்கு அந்த ஊரே வெறுத்துப்போக வேண்டும் என்று மனதால் கேட்டாள். பிறகு போன் வருவது குறைந்தது. அதுதான் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது.

விடுமுறை முடியப் போகிற நேரத்தில் ஒரு பின்னேரம் ஷிப்னா அழுதுகொண்டு எடுத்தாள்.

"பெரியும்மா, பனிஸ் நடக்குதில்ல. பின்கால இழுக்குது. தொட்டா கத்துது. வாயில ரத்தம் வருது. பிஸ்கட்டும் சுருண்டுகிட்டுக் கிடக்குது."

றஷீனா போனை வாங்கினாள். "ராத்தா, ஒரு ஆள்ட்ட காட்டின. நாய் பூனைக்கு மருந்து குடுக்கிறவர். இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளல்ல என்றார். பல்பு போட்டு வச்சிருக்கேன், கம்பளி சுத்தி வச்சிருக்கேன். ஒன்னுக்கும் சரிவரல்ல. புள்ள சாப்பிடவே மாட்டேங்குது."

ஜெஸீமாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பிறகுதான் பாவம் என்கிற எண்ணம் வந்தது. வரிசை அப்படித்தான் இருந்தது, அதை மாற்றிச் சொல்லி என்ன ஆகப் போகிறது? பண்டாரவளை தோற்றுவிட்டது, பதுளை வென்றுவிட்டது என்று அவள் உள்ளுக்குள் ஒரு துள்ளுத் துள்ளினாள். ஆனால் பிள்ளையின் அழுகை காதிலேயே நின்றது. மறுநாள் காலை புர்காவைப் போட்டுக்கொண்டு பதுளையில் ஒரு மிருக வைத்தியரிடம் போனாள். மதுஷா என்று பெயர், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்த இளம் பெண். டொக்டரின் மேசைக்கு முன்னால் கிடந்த வாங்கில் ஜெஸீமாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க, என்ன பிராணி?" என்றாள் டொக்டர்.

"முயல் மாதிரி ஒன்னு."

"முயலா?"

"முயல் இல்ல. வால் இல்ல. காது சின்னன். பசிச்சா விசிலடிக்கும்."

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. "கினிப் பன்றியாங்க?"

ஆட்டுக்குட்டிக்காரர் தலையைத் திருப்பி ஜெஸீமாவை மேலும் கீழும் பார்த்தார். அவளுக்கு உடம்பு கூசியது. "ஓம். அதுதான்" என்றாள் மெதுவாக, பிறகு கதையை முழுவதும் சொன்னாள்.

"என்ன சாப்பாடு குடுக்கிறாங்க?"

"முயல் தீன். காஞ்ச புல். கரட்."

"அதாங்க விஷயம். குளிர் இல்ல. முயலுக்கு விட்டமின் சி வெளியில இருந்து வேணாங்க, உடம்புக்குள்ளயே செஞ்சுக்கும். இந்த ஆட்டுக்குட்டியும் அப்படித்தான். இதுக்கு அது முடியாது. நமக்கும் முடியாது. நாம தேசிக்காய், கொய்யாப்பழம் சாப்பிட்டுச் சமாளிக்கிறோம். இது கூட்டுக்குள்ள கெடக்கிற சீவன், யாராவது தினமும் குடுத்தாத்தான் உண்டு. முயல் தீன்ல அது இருக்காது. கரட்ல பேருக்குத்தான் இருக்கு. காஞ்ச புல்லு குடலுக்கும் பல்லுக்கும் நல்லது, ஆனா காய வச்சதுல இந்தச் சத்து நிக்காது. சில கெழம கெடைக்காட்டிப் போதும், மூட்டு வீங்கும், பல் முரசுல ரத்தம் கசியும்."

"பதுளையில நல்லா இருந்திச்சே டொக்டர்? அதே தீன்தானே?"

"அங்க வேற ஏதாவது குடுத்தாங்களா?"

ஜெஸீமா விரல் விட்டு எண்ணினாள். "கறிமிளகாய். கொய்யா. வல்லாரை" என்றாள்.

"யாருங்க குடுத்தது?"

"நான்தான்."

"அப்ப நீங்கதாங்க அதுகள உயிரோட வச்சிருந்திருக்கீங்க" என்றாள் டொக்டர்.

இப்படி ஒரு வார்த்தையை யாரும் அவளுக்குச் சொல்லி எத்தனை நாளாகிவிட்டது. அவள் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட யோசித்தாள். டொக்டர் ஒரு சின்னப் போத்தலில் சொட்டு மருந்து கொடுத்தாள். தண்ணீரில் கலந்து வைத்தால் சத்துப் போய்விடும், வாயிலேயே விட வேண்டும். கறிமிளகாயை அன்றன்றைக்கு வெட்டி, காம்பில்லாமல் கொடுக்க வேண்டும். இனித் தினமும், கடைசி வரைக்கும்.

பண்டாரவளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெஸீமா யோசித்தாள். ஹாலிஎல போனது, தெமோதரை போனது, எல்ல ஊர் வளைவுகளில் பக்கத்துப் பெண் வாந்தி எடுத்தாள், இவளுக்கு எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? றஷீனா கறிமிளகாய் வாங்குவாள். கினிகள் எழும்பி ஓடும். பிள்ளை அங்கேயே பள்ளிக்கூடம் போகும். சொல்லாவிட்டால்? குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களே முடிவு கட்டியிருக்கிறார்கள். கூட்டைப் பதுளைக்குக் கொண்டுவந்து, மருந்தை விட்டு, கறிமிளகாயைப் போட்டால் ஒரு கிழமையில் இரண்டும் விசிலடிக்கும். பனிஸும் பிஸ்கட்டும் எங்கேயோ ஷிப்னாவும் அங்கே. ஜெஸீமா பொய் எதுவும் சொல்லத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவள் மருந்துப் போத்தலை எடுத்துப் பையின் அடியில், கொய்யாப் பழங்களுக்குக் கீழே வைத்தாள்.

மேல்மாடிக்கு ஏறியதும் ஷிப்னா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "பெரியும்மா வந்துட்டீங்களா!" ஜெஸீமாவுக்கு அது போதும் போலிருந்தது. கூட்டுக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. றஷீனாவின் நல்ல கம்பளிச் சால்வை கினிகளைச் சுற்றி இருந்தது. பனிஸின் முடி பரட்டையாகி, முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. உம்மாவும் மகளும் தேத்தண்ணீர் ஊற்ற உள்ளே போன நேரம் பார்த்து, ஜெஸீமா போத்தலை எடுத்து இரண்டின் வாயிலும் சொட்டு விட்டாள். பிஸ்கட் நாக்கால் அவள் பெருவிரலைத் தடவியது. காலடி கேட்டதும் போத்தல் மறுபடி பைக்குள் போனது.

றஷீனா பிள்ளையைக் கீழ்க்கடைக்குப் பால் மா வாங்க அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ராத்தா, கூட்டிக்கிட்டுப் போங்க."

"எத?"

"இதுகளையும். ஷிப்னாவையும்."

ஜெஸீமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "புள்ள செல்லிச்சா?"

"புள்ள ஒன்னும் செல்லல்ல. 'பதுளையில நல்லா ஈந்திச்சே, பதுளையில நல்லா ஈந்திச்சே' என்று அழுறா. எனக்கு வெளங்காதா?" றஷீனா சால்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "நான் ஏன் கட்டார்ல இருந்து வந்த என்று உங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டுச் சின்னவன் பொறந்ததுல இருந்து என்ட கையிலதான். உழுந்தா என்ட பேரச் செல்லித்தான் அழுவான். ஒரு நாள் எல்லாரும் இருக்கக்குள்ள, பெத்தவ முன்னாலயே என்னய உம்மா என்று கூப்பிட்டுட்டான். அடுத்த கெழமையே எனக்கு டிக்கட் போட்டாங்க. பிளேன்ல அந்த வீட்டு மெடத்த ஏசிக்கொண்டேதான் வந்த. இங்க வந்து, நீங்க ஷிப்னாட தலைய சீவுறதப் பாத்தா, எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது. அதான் கண்டிக்கு ஓடின. அதான் நீங்க ஒன்னும் போடக்கூடாது என்றும் சென்ன. நான் ஏசின மெடமும் நானும் ஒன்னுதான் ராத்தா."

இவளுக்கும் எரிந்ததா! ஜெஸீமாவுக்கு ஒரு குளிர்ச்சி இறங்கியது. தங்கச்சியின் தோளில் கை வைக்கலாம் போலக்கூட வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. இனி எழும்பிப் பிள்ளையின் உடுப்பை மடிக்க வேண்டியதுதான்.

"எல்லாம் பதுளைச் சூடுதான்" என்றாள் றஷீனா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்த வெயில்தான் இதுகள வாழ வச்சிருக்கு."

ஜெஸீமா கூட்டுப் பக்கம் திரும்பிக் காய்ந்த புல்லை ஒதுக்கினாள்.

ஷிப்னா பால் மாவோடு மேலே வந்தாள். "ஓம் பெரியும்மா. வெயில் பட்டா பனிஸ் ஓடும். அங்க வெயில் பின்விறாந்தைக்கே வருமே."

அதற்கும் ஜெஸீமா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"கொடுத்துவச்ச ஊர்" என்றாள் றஷீனா. "சும்மா கெடந்தாலே சுகமாக்கிப் போடும்."

அவ்வளவுதான். ஒவ்வொரு காலையும் ஒளித்து ஒளித்துக் கறிமிளகாய் வெட்டினவள் ஒருத்தி, பெயர் வெயிலுக்கா? தங்கச்சிக்கு விட்டுக்கொடுத்தாலும் கொடுக்கலாம், பதுளை வெயிலுக்கு விட்டுக்கொடுக்க ஜெஸீமாவால் முடியவில்லை.

"வெயிலாவது மண்ணாங்கட்டியாவது!" என்று கத்தினாள். "நான் போட்டேன்டி! நீ வேணாம் வேணாம் என்று செல்லியும் நான்தான் ஒவ்வொரு நாளும் போட்டேன்! கறிமிளகாய் போட்டேன், கொய்யா போட்டேன், வல்லாரை போட்டேன்! நீ போட்டது முயல் தீன். அதுல ஒரு சத்தும் இல்ல. இதுக்கு விட்டமின் சி யாராவது கையால குடுக்கணும், குடுக்காட்டி இப்படித்தான் கெடக்கும்! உன்னயக் கண்டா கத்தினது என்று நெனச்சியே, என்னயக் கண்டு கத்தினது! நான்தான் உயிரோட வச்சிருந்த என்று டொக்டரே செல்லிட்டா!"

பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினாள். கறிமிளகாயும் கொய்யாவும் நிலத்தில் உருண்டன. மருந்துப் போத்தல் ஷிப்னாவின் காலடியில் போய் நின்றது.

றஷீனா வாயைத் திறந்தபடி பார்த்தாள். ஜெஸீமா மூச்சு வாங்க நின்றாள். இப்போது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, யார் கைப்பட்டு அவை வாழ்ந்தன என்று. ஓடிவந்து கட்டிக்கொள்ளட்டும் என்று கையைக்கூடக் கொஞ்சம் விரித்து வைத்திருந்தாள்.

ஷிப்னா போத்தலைக் குனிந்து எடுத்தாள். "அப்ப குளிர் இல்லையா பெரியும்மா?"

"குளிர் இல்ல."

"கறிமிளகாய் குடுத்தாப் போதுமா?"

"கறிமிளகாயும் இந்தச் சொட்டு மருந்தும். தினமும்."

"நல்லாகுமா?"

"ஆகும். கொஞ்ச நாளாகும், ஆனா ஆகும்."

"உம்மா! கீழ்க்கடையில கறிமிளகாய் ஈக்கு! இப்பதான் பாத்துட்டு வந்தேன், கூடை நெறைய ஈக்கு!" ஷிப்னா துள்ளிப்போய் றஷீனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்ப நாங்க போகத் தேவையில்ல உம்மா! இங்கயே இருக்கலாம்!"

றஷீனா பிள்ளையின் தலைக்கு மேலால் ராத்தாவைப் பார்த்தாள். பார்த்த உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் பிள்ளையைச் சுற்றியிருந்த கை இறுகியதை ஜெஸீமா கண்டுவிட்டாள்.

ஷிப்னா நிலத்தில் உருண்டு கிடந்த கறிமிளகாயைப் பொறுக்கி எடுத்து, குசினிக்குள் ஓடி ஒரு கத்தியும் பலகையும் கொண்டுவந்து ஜெஸீமாவின் முன்னால் வைத்தாள்.

"எவ்வளவு பெருசா வெட்டணும் என்று உம்மாவுக்குக் காட்டுங்க பெரியும்மா. நீங்க போன பொறகு உம்மாதானே குடுக்கணும்."

ஜெஸீமாவுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. அவள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, காம்பைக் கிள்ளி, விதையை வழித்துவிட்டு, ஒரு வளையம் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று தங்கச்சிக்கு வெட்டிக் காட்டினாள்.